ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு மணிபிளான்ட்: வரைந்து பார்த்த அனுபவம்

மணிபிளான்ட்டை வரைவதில் அப்படி என்ன இருக்கிறது, இதய வடிவத்தில் நான்கு இலை போட்டுப் பச்சை பூசினால் ஆயிற்று என்பார்கள். அப்படிப் பூசிய படங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். இலை இலையாகத்தான் இருக்கும், தண்டும் தண்டாகத்தான் இருக்கும். ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதாகத் தோன்றாது. இலை காம்பில் எங்கே அமர்கிறது, காம்பு தண்டிலிருந்து எப்படிக் கிளம்புகிறது, தண்டு எந்த இடத்தில் தண்ணீரைத் தொடுகிறது, பச்சை எங்கே முடிந்து வெள்ளை தொடங்குகிறது என்ற சந்திப்புகளை அவசரமாகக் கடந்துவிடுவதால் வரும் வினை அது. செடி வரைவதில் பாதி வேலை இந்தச் சந்திப்புகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இதைப் படிப்பவர் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தோடு பென்சிலை மூட்டை கட்டி வைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் செடி எதிர் வீட்டிலிருந்து வந்தது. கோவையில் ஒரே மாடியில் பல வருடங்கள் எதிரெதிர் கதவாக இருந்தோம். அந்த வீட்டுப் பெண்ணின் கணவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்ற வந்த லாரிக்காரர்கள் செடிகளை ஏற்ற மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தொட்டிச் செடிகள் மாடி வீட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் போக, சமையலறை ஜன்னலில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த மணிபிளான்ட் எனக்கு வந்தது. மணிபிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா? கையில் கொடுக்கும்போதே, "நீங்கள் திருடிக்கொண்டு போனதாகவே இருக்கட்டும் அக்கா" என்றார். பதிலுக்குப் படம் வரைந்து அனுப்புகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தாவரவியலில் இதன் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பிறந்த இடம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு. 1880-இல் போதோஸ் என்ற பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார்கள். பிறகு பேரினம் மாறி மாறி, 1964-இல்தான் இப்போதைய பெயருக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு இழுபறிக்கு ஒரு காரணம், இது பூப்பதே அபூர்வம் என்பது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்குவதில் இந்தச் செடிக்கு மரபணுக் குறை இருக்கிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. செடிகளை வகை பிரிப்பவருக்குப் பூ எவ்வளவு தேவையோ, வரைபவருக்கும் அவ்வளவு தேவை. படத்தில் ஒரு பூ இருந்துவிட்டால் கண் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இலையில் கோட்டைவிட்டது யார் கண்ணிலும் படாது. மணிபிளான்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. இலையையும் கணுவையும் வைத்தே பிழைத்தாக வேண்டும்.

கோவையில் உட்கார்ந்து செடி வரைபவருக்கு ராபர்ட் வைட்டின் ஓவியர்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வைட் ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். 1840-களில் அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிட்டுப் பார்க்கும் வேலைக்காகக் கோவையில் இருந்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பெரும்பாலும் நிறமில்லாத கல்லச்சுப் படங்கள்தான். கோவிந்துவின் திறமையை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று வைட் பெயர் சூட்டினார். அந்தப் படங்களின் மறுபதிப்புகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும்: வண்ணம் இல்லாமலே செடி செடியாக நிற்கிறது. காம்பு கிளம்பும் இடத்தைக் கோடே சொல்லிவிடுகிறது. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் பென்சிலோடு கொஞ்ச நாள் பழக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

முதலில் வைக்கும் இடம். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் இருந்தால் போதும். அறையில் எரியும் ட்யூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சம் விழுந்தால் ஒவ்வோர் இலைக்கும் இரண்டு நிழல் விழுந்து, எதை நம்புவது என்று தெரியாமல் போகும். பாட்டிலை நிமிர்ந்து பார்க்க வேண்டியிராத உயரத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பாட்டிலின் அடியைச் சுற்றி மேசையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பாட்டிலிலும் டேப்பிலும் நேருக்கு நேராக ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது மேசை துடைப்பார்கள், பாட்டில் நகரும், பழைய இடத்துக்கே, பழைய முகமாகவே திரும்பி வர அந்தக் கோடு உதவும். மின்விசிறியை வரையும் நேரத்துக்காவது நிறுத்தி வைக்க வேண்டும். கோவை வெயிலில் இது சின்னத் தியாகம் இல்லை. காலையில் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டால் வலி குறையும்.

மின்விசிறியை நிறுத்தினாலும் செடி சும்மா இருக்காது. வெளிச்சத்தைப் பார்த்து இலைகள் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து அதே இலையைத் தேடினால் வேறு கோணத்தில் நிற்கும். புதுத்தளிர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே, முழுச் செடியின் அமைப்பையும் ஒரே அமர்வில் மெல்லிய கோடாகப் பிடித்துவிட வேண்டும். நுணுக்கங்களைப் பிறகு ஒவ்வோர் இலையாகச் செய்யலாம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதைப் பார்த்து வரைவதை நான் விரும்புவதில்லை. போனின் கேமரா அருகில் இருக்கும் இலையை ஊதிப் பெரிதாக்கும், நிழலுக்குள் இருப்பதையெல்லாம் ஒரே கறுப்பாக்கிவிடும். சந்தேகம் வந்தால் சரிபார்க்கும் அளவோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

இனி செடியைப் பார்ப்போம். ஒரு காம்பைக் கையில் பிடித்துக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். இலை தொடங்குவதற்குச் சற்று முன்பு, காம்பின் நுனியில் ஒரு சிறு முட்டி இருக்கும். அந்த இடத்தில் காம்பு லேசாகப் பருத்து வளைந்திருக்கும். இலைப் பரப்பு வெளிச்சத்துக்கு ஏற்பத் திரும்புவது அந்த முட்டியில்தான். பெரும்பாலான படங்களில் காம்பும் இலையின் நடுநரம்பும் ஒரே நேர்கோடாக ஓடும். உண்மையில் காம்பு ஒரு திசையில் வந்து, முட்டியில் ஒரு வெட்டு வெட்டி, நடுநரம்பு வேறு திசையில் போகும். அந்த ஒரு திருப்பத்தைப் போட்டுவிட்டால் இலைக்கு எடை வந்துவிடும், தொங்குவது தொங்குவதாகத் தெரியும்.

காம்பின் அடிப்பக்கத்துக்கு வாருங்கள். மேற்புறம் ஒரு வாய்க்கால் ஓடும். அதன் இரு கரைகளிலும் மெல்லிய சவ்வு, முற்றிய காம்பில் காய்ந்து பழுப்பாகியிருக்கும். அடுத்த தளிர் சுருட்டி வைத்த பாயாக அந்த உறைக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறது. இலைகள் தண்டில் மாறி மாறி, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று வரும். எதிரெதிர் ஜோடியாக வராது. ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். அது காற்றுவேர். தண்ணீருக்குள் இருக்கும் கணுவில் அதுவே நீண்ட வெள்ளை வேராகிவிடும். கணுக்களை வரிசையாகப் போட்டுவிட்டால் இலைகள் தாமாகவே தம் இடத்துக்கு வந்துவிடும். நான் எப்போதும் தண்டு, கணு, காம்பு, முட்டி, நடுநரம்பு என்ற வரிசையில்தான் போகிறேன். இலையின் ஓரக்கோடு எல்லாவற்றுக்கும் கடைசி. இதற்கிடையே ஓர் எச்சரிக்கை: இதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரியும். வெட்டிப் பார்த்த கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இதய வடிவம் என்று மனதில் பதிந்திருப்பதுதான் இலைக்குப் பெரிய எதிரி. சீட்டுக்கட்டு இதயம் இருபக்கமும் ஒன்றாக இருக்கும். இந்த இலையின் இரண்டு பாதிகளும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, நம்மை நேராகப் பார்க்கும் இலை ஒரு செடியில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். மற்றவை சாய்ந்தோ, முதுகைக் காட்டியோ, நுனியை நம் பக்கம் நீட்டியோ இருக்கும். சாய்ந்த இலையில் நடுநரம்பின் வளைவை முதலில் போடுங்கள். பிறகு நமக்கு அருகில் உள்ள பாதியை அகலமாகவும், அப்பால் உள்ள பாதியை ஒரு கீற்றாகவும் போட வேண்டும். கை தயங்கும். "இவ்வளவு ஒல்லியாகவா இருக்கும்?" என்று மனம் வாதாடும். அப்போது பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள். கண் சொல்வதுதான் சரியாக இருக்கும். இன்னொரு வழி, இலையையே பார்க்காமல் இரண்டு இலைகளுக்கு நடுவே தெரியும் சுவரின் வடிவத்தை வரைவது. அந்தச் சந்துக்குப் பெயரும் கிடையாது, முன்கூட்டியே மனதில் பதிந்த வடிவமும் கிடையாது. அதனால் கை பொய் சொல்வதில்லை.

பாட்டிலும் தண்ணீரும் தனி உலகம். பாட்டிலின் வாய், தண்ணீரின் மேல்மட்டம், அடிப்பாகம் மூன்றும் நீள்வட்டங்கள். மேலிருந்து பார்க்கும்போது வாய் ஒடுங்கித் தெரியும், கீழே போகப் போக நீள்வட்டம் பருக்கும். அடியை மேசைமீது உட்காரும் நேர்கோடாக வரைந்தால் பாட்டில் தட்டையாகிவிடும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக் கூடாது. எவ்வளவு ஒடுங்கினாலும் அங்கே ஒரு வளைவு உண்டு.

தண்டு தண்ணீரைத் தொடும் இடத்தில் உடைந்தது போல விலகி நிற்கும். ஒளிவிலகலைப் பற்றிப் பள்ளியில் கண்ணாடி டம்ளரும் பென்சிலும் வைத்துப் படித்தது இதைத்தான். அந்த உடைவைச் சரிசெய்ய மனம் துடிக்கும். சரிசெய்யாதீர்கள். தண்ணீர் நிறைந்த உருளைப் பாட்டில் ஒரு லென்ஸ். உள்ளே இருப்பதை அகலவாக்கில் மட்டும் பெருக்கிக் காட்டும், உயரத்தைத் தொடாது. அதனால் தண்ணீருக்கு மேலே ஒல்லியாக இருக்கும் தண்டு தண்ணீருக்குக் கீழே சதைபோட்டுத் தெரியும். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் அந்த மட்டத்தின் அடிப்புறம் வெள்ளிக் கண்ணாடி ஆகிவிடும். வேர்கள் தலைகீழாக அதில் தொங்கும். அதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, எந்த உயரத்திலிருந்து வரையப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாதியில் நாற்காலியை மாற்றினால் எல்லாம் மாறிவிடும்.

வேர்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் நாலைந்தைத் தெளிவாகப் போட்டு, பின்னால் இருப்பதை மங்கலாக விட்டால் ஆழம் வந்துவிடும். புதிதாக ஊற்றிய தண்ணீரில் வேர்மேல் முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருக்கும். நேரம் ஆக ஆகக் குறைந்துவிடும். தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் மாற்றியாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இப்படித் தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் தோது. மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து மணிபிளான்ட் பாட்டிலைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீரை மாற்றினால் வேர்களின் கிடப்பும் மாறும். எனவே வேரை வரைய நினைத்தால், தண்ணீர் மாற்றிய கையோடு உட்கார்ந்து அடுத்த மாற்றுதலுக்குள் முடித்துவிடுவது நல்லது.

வண்ணத்துக்கு வருகிறேன். தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். பெயின்ட் சுமாரானதாக இருந்தாலும் சமாளிக்கலாம். தாள் சுமாராக இருந்தால் சமாளிக்க முடியாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர் கலர் தாள், பருத்தியில் செய்தது கிடைத்தால் உத்தமம். தூரிகை, நுனி கூராக நிற்கும் 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். லெமன் எல்லோ, கம்போஜ் மஞ்சள், பிரஷ்யன் புளூ, அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, ஒரு கிரிம்சன் சிவப்பு; இவ்வளவு போதும். டியூபில் வரும் சாப் க்ரீனை அப்படியே பூசினால் எல்லா இலையும் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும். லெமன் எல்லோவும் பிரஷ்யன் புளூவும் கலந்தால் தளிரின் துள்ளும் பச்சை. கம்போஜும் அல்ட்ராமரைனும் கலந்தால் முற்றிய இலையின் மங்கல் பச்சை. பச்சை கூச்சலிட்டால் கிரிம்சனில் தூரிகை நுனியை மட்டும் தொட்டுச் சேர்த்தால் அடங்கிவிடும். அடர்ந்த நிழலுக்குப் பிரஷ்யன் புளூவோடு பர்ன்ட் சியன்னா.

பளபளக்கும் இலையின் மினுக்கு எந்த நிறம் என்று கேட்டால் எல்லோரும் வெளிர் பச்சை என்பார்கள். ஜன்னல் பக்கம் இருக்கும் இலையை நிதானமாகப் பாருங்கள். அது நீலச் சாம்பல். வானம்தான் அங்கே விழுந்து கிடக்கிறது. அந்தப் பகுதிக்கு முதலில் அல்ட்ராமரைனை நிறையத் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டு, மினுக்கைச் சுற்றி மட்டும் பச்சையைப் பூசுகிறேன். வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவும் இலை இதற்கு நேர்மாறு: மஞ்சள் தூக்கலாக, உள்ளே விளக்கு எரிவதுபோல இருக்கும், அங்கே நீலத்தைக் காட்டவே கூடாது. பக்கத்து இலையின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தால், அந்த நிழலின் ஓரத்தைக் கூராக விடுங்கள்.

வெள்ளைத் திட்டுகளில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அவை மழைத்துளி சிந்தியது போல அங்கங்கே கிடப்பவை அல்ல. நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிப் பக்க நரம்புகள் ஓடும் திசையிலேயே அவையும் கீற்றாக ஓடும். பச்சையம் இல்லாத பகுதிகள் அவை. வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் புது இலைகளில் வெள்ளை குறைந்து பச்சை கூடிவரும். பச்சையும் வெள்ளையும் சந்திக்கும் கோடு பெரும்பாலும் கூர்மையானது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வண்ணத்தை வைத்து, ஈரத்தில் ஈரம் கலக்கும் முறையில் அதைச் செய்தால் இலைக்குப் பூஞ்சை பிடித்ததாகத் தெரியும். முதலில் இலை முழுவதும் நீர்த்த லெமன் எல்லோ ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்தபின் திட்டுகளை விட்டுவிட்டுப் பச்சை. தாளின் வெள்ளையையே காப்பாற்றுவது பின்னால் வெள்ளைப் பெயின்ட் அப்புவதைவிட எப்போதும் அழகு. மாஸ்கிங் ஃப்ளூயிட் என்ற ரப்பர் பாலைப் பூசி மறைக்கலாம்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் நாள் கணக்கில் விட்டுவைத்தால் தாளோடு ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். பூசிய அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பூச்சு தூரிகைக்கு முன்னால் காய்ந்து, வேண்டாத ஓரக்கோடு விழும். பெரிய இலைக்குத் தாளை முன்கூட்டியே ஈரப்படுத்திக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. ஒரு பூச்சுக் காய்வதற்குள் சமையலே முடிந்துவிடும். அந்த நாட்களில் பொறுமை இல்லையென்றால் பென்சில் வேலையே உத்தமம்.

கண்ணாடியைப் பூசவே கூடாது. அதைச் சுற்றியிருப்பதைப் பூச வேண்டும். பின்னால் உள்ள சுவரின் நிறத்தைப் பாட்டிலுக்குள்ளும் கொண்டுபோய், ஓரங்களில் மட்டும் அடர்ந்த கோடு, ஜன்னலின் பிரதிபலிப்பாக ஒன்றிரண்டு வெள்ளைக் கட்டம். கண்ணாடி வந்துவிடும். பாட்டிலின் தோள் பகுதியில் படிந்த பாசி எனக்கு நிறைய வேலை வைத்தது. கம்போஜும் அல்ட்ராமரைனும் கலந்த நீர்த்த பச்சையைப் பூசி, காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுத்து, அதன் வழியே பின்னால் இருக்கும் வேர் தெரியும்படி விட வேண்டியிருந்தது. படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

படம் முடிந்ததும் வெயில் நேராகப் படாத பால்கனி நிழலில், காலை வெளிச்சத்தில் போட்டோ எடுத்தேன். ட்யூப் லைட்டில் எடுத்தால் தளிர்ப் பச்சை நோயாளியாகத் தெரிகிறது. அசல் படத்தை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, பாலிதீன் உறை போட்டு, கூரியரில் அனுப்பினேன். சுருட்டி அனுப்பினால் பருத்தித் தாள் திரும்ப நேராக அடம்பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம், சாதாரண கிரிம்சன் வெளுத்துவிடும் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்.

பார்சல் கிடைத்த அன்றே போன் வந்தது. "எல்லாம் அப்படியே இருக்கிறது அக்கா. ஆனால் பாட்டிலை ஒருநாள்கூடத் தேய்த்துக் கழுவவில்லையா? இவ்வளவு பாசி பிடித்திருக்கிறதே!" பாசிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு என்பதால் இப்போது பாட்டிலைச் சுற்றிப் பழைய காலண்டர் அட்டையை உறையாக மாட்டி வைத்திருக்கிறேன். வரைய உட்காரும்போது கழற்றிக்கொள்ளலாம்.